கற்றல் குறைபாட்டு மதிப்பீட்டுக்கு மகனை அழைத்துச் செல்கிறோம்: எப்படித் தயாராவது?

பதிவு 1 | வாய்க்கால்கரை (கோபிசெட்டிபாளையம்) | திங்கள் இரவு

அனைவருக்கும் வணக்கம். என் மகனுக்கு ஒன்பது வயது நிரம்பிவிட்டது. கோபிக்கு அருகே ஓர் ஆங்கில வழித் தனியார் பள்ளியில் நான்காம் வகுப்பு படிக்கிறான். வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கோவையில் ஒரு மருத்துவ உளவியலாளர் அவனுக்குக் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று மதிப்பிட நேரம் கொடுத்திருக்கிறார். எப்படித் தயாராக வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்களிடம் கேட்கவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

இதுவரை நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மாசி மாதத்தில் ஒரு நாள் மாலை அவன் திண்ணையில் உட்கார்ந்து தமிழ்ப் பாடத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அவன் பக்கத்தைப் புரட்டியபோது இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டு ஒன்றாகப் புரண்டன. விரல் புதிய பக்கத்தின் வரிகள்மேல் நகர்ந்துகொண்டிருக்க, வாய் மட்டும் இடையில் விடுபட்ட பக்கத்தின் பாடத்தை ஒரு சொல் பிசகாமல் சொல்லிக்கொண்டே போனது. அக்காள் படிப்பதைக் கேட்டுக் கேட்டு முழுப் பாடத்தையும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறான் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. "கொடி" என்ற சொல்லில் விரல் வைத்து இது என்ன என்று கேட்டேன். "காடி" என்றான், என் முகத்தைப் பார்த்துவிட்டுக் "கெடி" என்றான், பிறகு புத்தகத்தை மூடிவிட்டான்.

வகுப்பாசிரியர் கவனக்குறைவு என்றார். என் கணவர் சோம்பல் என்கிறார். என் மாமியாரோ, "போகப் போகச் செரியாயிடும் கண்ணு, நீ பையனை வெரட்டாதே" என்கிறார். மதிப்பீட்டுக்கு நேரம் கிடைத்த நாள் முதல், பயிற்சிப் புத்தகம் ஒன்றை வாங்கி, தினமும் இருபது சொற்கள் எழுத வைத்து வருகிறேன். நேற்று அழுதுவிட்டான். மதிப்பீட்டில் அவன் நன்றாகச் செய்ய வேண்டும் என்பதற்காகத்தான் இதைச் செய்கிறேன். எதை எடுத்துச் செல்ல வேண்டும், அவனிடம் என்ன சொல்லி அழைத்துப் போக வேண்டும், எவ்வளவு நேரம் ஆகும் என்பதையெல்லாம் தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

பதிவு 2 | நெறியாளர் | திங்கள் இரவு

பதில் எழுதுவோர் மருத்துவர், மையம், பள்ளி ஆகியவற்றின் பெயர்களையும் குழந்தைகளின் பெயர்களையும் இங்கே குறிப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பதிவு 3 | எழுத்தாணி (ஈரோடு, சிறப்பாசிரியர்) | செவ்வாய் காலை

சகோதரி, முதலில் அந்தப் பயிற்சிப் புத்தகத்தை இன்றே எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். சனிக்கிழமை நடக்கப்போவது நல்ல மதிப்பெண் வாங்க வேண்டிய தேர்வு அன்று. உங்கள் மகன் எதை எந்த இடத்தில் தவறவிடுகிறான் என்று ஒருவர் உட்கார்ந்து பொறுமையாகப் பார்க்கப் போகிறார். தவறுகள்தாம் அவருக்கு வேண்டும். அவசரமாகச் சொல்லிக்கொடுத்த நூறு சொற்களை அவன் அன்று சரியாக எழுதிவிட்டால், உண்மையான சிக்கல் அந்த நூறு சொற்களுக்குப் பின்னால் மறைந்துவிடும். அழுது களைத்த குழந்தை, தனக்குத் தெரிந்ததையும் செய்யாது.

நோட்டுகளை அப்படியே எடுத்துச் செல்லுங்கள். ஆசிரியரிடம் காட்டுவதற்காகத் திருத்தி எழுதிய நோட்டு வேண்டாம். ரஃப் நோட்டு, சொல்வதை எழுதிய நோட்டு, பாதியில் நின்றுபோன கட்டுரை, அழித்து அழித்துத் தாள் கிழிந்த கணக்கு நோட்டு, இவையே முக்கியம். சென்ற ஆண்டு நோட்டுகள் பரணில் இருந்தால் அவற்றையும் இறக்குங்கள். ஒரே தவறு இரண்டாண்டுகளாகத் தொடர்ந்து வருகிறதா என்று பார்க்க வேறு வழி கிடையாது. பல வீடுகளில் ஆண்டு முடிந்ததும் நோட்டுகளைப் பழைய பேப்பர் கடையில் எடை போட்டுவிட்டு, என்னிடம் வெறுங்கையோடு வந்து நிற்கிறார்கள்.

"காடி", "கெடி" என்று அவன் சொன்னதை நீங்கள் குறித்து வைத்திருப்பதே பெரிய உதவி. "கொ" என்ற எழுத்தில் கொம்பு முன்னால் நிற்கிறது, கால் பின்னால் நிற்கிறது, ஒலியோ இரண்டும் சேர்ந்து ஒன்றாக வருகிறது. உங்கள் மகன் காலை மட்டும் பார்த்தபோது "காடி" என்கிறான். கொம்பை மட்டும் பார்த்தபோது "கெடி" என்கிறான். தமிழின் 247 எழுத்துகளையும் வரிசையாக ஒப்பித்துவிடும் குழந்தைகள்கூட, ஒரு சொல்லின் நடுவே இத்தகைய எழுத்து வந்தால் தடுமாறுவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். அதே வேளையில் ர–ற, ல–ள–ழ, ன–ண குழப்பத்தை மட்டும் வைத்துப் பயந்துவிடக் கூடாது. பேச்சில் ழகரமும் ளகரமும் ஒன்றாகிப் போன வீட்டில் வளரும் குழந்தை எழுதும்போது அவற்றை மாற்றிப் போடுவது இயல்பு. ஏழு வயதுக்குள் ஆங்கில எழுத்தைத் திருப்பிப் போடுவதும் அப்படித்தான்.

சனிக்கிழமைக்குள் கண் பரிசோதனையும் காது பரிசோதனையும் முடித்து அறிக்கைகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கரும்பலகை சரியாகத் தெரியாத குழந்தையையும், ஒரு காது மந்தமான குழந்தையையும் கற்றல் குறைபாடு என்று தவறாகச் சொல்லிவிடக் கூடாது அல்லவா? மூன்று வகுப்புகளின் மதிப்பெண் அட்டைகள், வகுப்பாசிரியரிடமிருந்து ஒரு பக்கக் கடிதம், பிறந்தபோது மருத்துவமனையில் கொடுத்த குறிப்பு, கண்ணாடி அணிந்தால் கண்ணாடி, இவ்வளவும் ஒரு பையில் இருக்கட்டும். வீட்டில் பேசும் மொழியையும் மறக்காமல் சொல்லுங்கள். நம் பகுதியில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, தெருவில் தமிழ் பேசி, பள்ளியில் ஆங்கிலத்தில் எழுதும் குழந்தைகள் நிறைய. திருப்பூரிலோ இந்தியும் ஒடியாவும் பேசும் தொழிலாளர் வீட்டுக் குழந்தைகளும் சேர்ந்துகொள்கிறார்கள். மொழி பழகாததால் வரும் தடுமாற்றம் வேறு, கற்றல் குறைபாடு வேறு.

பதிவு 4 | பல்லடத்தான் | செவ்வாய் பிற்பகல்

மேலே ஆசிரியர் சொன்னதை நான் செய்த தவற்றின் மூலம் உறுதிப்படுத்துகிறேன். என் மகளுக்கு மதிப்பீடு வைத்தபோது, தறி ஓட்டுகிற நேரம் போக மீதி நேரமெல்லாம் கைப்பேசியில் தேடி, அந்தச் சோதனைகளில் வரும் கேள்விகள் என்று யாரோ போட்டிருந்தவற்றை எடுத்து, இரவு இரவாக அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். பெற்ற பிள்ளை தோற்றுவிடக் கூடாது என்ற எண்ணம்தான். அங்கே போய் உட்கார்ந்த அரை மணி நேரத்தில் உளவியலாளர் வெளியே வந்து, "வீட்டில் ஏதாவது பழக்கினீர்களா?" என்று கேட்டார். கேள்வி முடிவதற்குள் குழந்தை விடை சொல்கிறதாம். மறைக்காமல் ஒப்புக்கொண்டேன். அந்த முடிவுகளை நம்ப முடியாது என்று நிறுத்திவிட்டு, ஓராண்டு கழித்து வரச் சொன்னார்கள். அந்த ஓராண்டு முழுவதும் எந்த உதவியும் இல்லாமல் அவள் வகுப்பில் உட்கார்ந்திருந்தாள். அதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஆறவில்லை. சகோதரி, தயவுசெய்து எதையும் பழக்காதீர்கள்.

பதிவு 5 | தென்னந்தோப்பு (பொள்ளாச்சி) | செவ்வாய் இரவு

நான் மாறுபட்டு எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். என் தம்பி மகளுக்கும் இதே போன்ற தடுமாற்றம் இருக்கிறது; வீட்டில் இது பற்றிப் பேச்சு ஓடுகிறது. ஆனால் நம் ஊர்ப்பக்கம் எப்படி என்று எல்லோருக்கும் தெரியும். "குறைபாடு" என்று ஒரு தாளில் எழுதி அரசு முத்திரையும் விழுந்துவிட்டால், நாளை வரன் பார்க்க வருகிறவர் வரை அந்தச் செய்தி போய்ச் சேரும். எட்டு ஒன்பது வயதில் பின்தங்கி, பிறகு தேறி வந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். தமிழ் வழிக்கு மாற்றி, நல்ல டியூஷன் வைத்துப் பார்த்துவிட்டு, அதன் பிறகு இதற்குப் போனால் என்ன? சண்டைக்காகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்கிறேன்.

பதிவு 6 | அமராவதிக்கரை (தாராபுரம்) | செவ்வாய் நள்ளிரவு

அத்தை, நீங்கள் கேட்டதற்கு என்னால் பதில் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன். எனக்கு இப்போது இருபத்து மூன்று வயது. பதினைந்தாவது வயதில், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குச் சில மாதங்களுக்கு முன்புதான் எனக்கு மதிப்பீடு நடந்தது. அதற்கு முந்தைய ஏழு ஆண்டுகளும் நீங்கள் சொன்ன வழியில்தான் போனோம்: மூன்று டியூஷன், இரண்டு பள்ளி மாற்றம், ஒரு பரிகாரப் பூசை. டியூஷனில் செய்தது என்னவென்றால், எனக்குப் புரியாத அதே முறையில் இன்னொரு முறை சொல்லிக்கொடுத்ததுதான். அந்த ஏழு ஆண்டுகளில் எந்தத் தாளும் இல்லாமலே வகுப்பில் எனக்கு "மக்கு" என்ற பெயர் இருந்தது. உறவினர் வீட்டு விசேஷங்களில்கூட அந்தப் பெயர் சொல்லித்தான் விசாரித்தார்கள். டிஸ்லெக்சியா (வாசிப்பில் வரும் கற்றல் குறைபாடு) என்ற சொல்லை முதன்முதலில் கேட்ட அன்று, என் மூளை மந்தமாக இல்லை, வாசிப்பு மட்டும் வேறு மாதிரி நடக்கிறது என்று உளவியலாளர் விளக்கினார். பேருந்தில் வரும் வழியெல்லாம் என் அம்மா என் கையைப் பிடித்தபடியே வந்தார்.

மாநிலப் பாடத்திட்டப் பொதுத்தேர்வில் டிஸ்லெக்சியா மாணவர்களுக்கு ஒரு மணி நேரம் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு ஆகிய சலுகைகள் உண்டு. நான் கூடுதல் நேரத்தை மட்டும் பயன்படுத்திக்கொண்டேன். அறிவியல் தாளில் கடைசி நெடுவினாவை நான் எழுதி முடித்தது அந்தக் கூடுதல் நேரத்தில்தான்.

வாய்க்கால்கரை அக்கா, தம்பியிடம் ஊசி போடுவதற்கோ ஊர் சுற்றவோ போகிறோம் என்று பொய் சொல்லி அழைத்துப் போகாதீர்கள். என்னை அப்படித்தான் அழைத்துப் போனார்கள். உள்ளே போனதும் தண்டனை போல இருந்தது. "உனக்கு வாசிப்பது ஏன் இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்த ஒருவரைப் பார்க்கப் போகிறோம். சிலது சுலபமாக இருக்கும், சிலது கஷ்டமாக இருக்கும், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லலாம், அதற்காக யாரும் திட்ட மாட்டார்கள்" என்று சொன்னால் போதும். அவன் அதைப் புரிந்துகொள்வான்.

பதிவு 7 | நொய்யல் (கோவை, மருத்துவ உளவியலாளர்) | புதன் மாலை

இந்த இழையைத் தாமதமாகப் பார்த்தேன். சோதனைகளின் கேள்விகளைப் பொதுவில் சொல்வது எங்கள் தொழில் நெறிக்கு மாறானது. அறைக்குள் நடப்பது எப்படி இருக்கும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் பெற்றோரிடம் பேசுவோம். கர்ப்ப காலம், பிரசவம், பிறந்தவுடன் அழுததா, எப்போது நடந்தது, எப்போது இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசியது, வலிப்பு வந்ததா, தானாகச் சாப்பிடுகிறதா, கடைக்குப் போய்ச் சில்லறை வாங்கி வருமா என்றெல்லாம் கேட்போம். குடும்பத்தில் வேறு யாருக்கேனும் வாசிப்பதிலோ எழுதுவதிலோ சிரமம் இருந்ததா என்றும் கேட்போம். கற்றல் குறைபாடு குடும்ப வழியாக வருவது மிகுதி என்பதால் இந்தக் கேள்வி முக்கியமானது, மறைக்காதீர்கள். பேச்சுவாக்கில் தேதிகள் மறந்துபோகும் என்பதால் வீட்டிலேயே எழுதி எடுத்து வருவது நல்லது.

பிறகு குழந்தை தனியாக எங்களோடு இருக்கும். நுண்ணறிவுச் சோதனை ஒன்று நடக்கும். நம் நாட்டில் பெரும்பாலும் மாலின் என்பவர் இந்தியக் குழந்தைகளுக்காகத் தகவமைத்த சோதனையையோ வெக்ஸ்லர் சோதனையையோ பயன்படுத்துகிறோம். இவற்றில் சில பகுதிகளுக்கு வாயால் விடை சொல்ல வேண்டும். சிலவற்றைக் கையால் செய்ய வேண்டும். அடுத்ததாக, பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் என்ற மனநல, நரம்பியல் நிறுவனம் உருவாக்கிய கற்றல் குறைபாட்டுச் சோதனைத் தொகுப்பு. அது 5 முதல் 7 வயது வரை ஒரு நிலையாகவும், 8 முதல் 12 வயது வரை ஒரு நிலையாகவும் அமைந்தது. கவனம், வாசிப்பு, எழுத்துக்கூட்டல், படித்ததன் பொருளை உணர்தல், கணக்கு, பார்த்து வரைதல், நினைவாற்றல் என்று பல பகுதிகள் அதில் உண்டு. வகுப்பு வாரியாகக் கீழிறங்கிப் போய், குழந்தை உதவியின்றிச் செய்யும் நிலை எது என்று பார்ப்போம். தன் வகுப்பைவிட இரண்டு வகுப்புகள் பின்தங்கியிருந்தால் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வோம்.

பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. நாங்கள் "சரி", "தவறு" என்று எதுவும் சொல்ல மாட்டோம். கேள்விகள் படிப்படியாகக் கடினமாகிக்கொண்டே போகும். தொடர்ந்து சிலவற்றுக்கு விடை வராதபோதுதான் அந்தப் பகுதியை நிறுத்துவோம். ஆகவே எல்லாக் குழந்தைகளுமே, மிக நன்றாகச் செய்தவர்கள் உட்பட, "கடைசியில் எனக்குத் தெரியவில்லை" என்ற உணர்வோடுதான் ஒவ்வொரு பகுதியையும் முடிப்பார்கள். இதை முன்கூட்டியே குழந்தையிடம் சொல்லி வையுங்கள். ஒரே நாளில் முடியாது. இரண்டு அல்லது மூன்று அமர்வுகள் ஆகலாம். களைப்பு தெரிந்தால் நாங்களே நிறுத்திவிடுவோம். ஆங்கில வழிக் குழந்தை என்பதால், எந்த மொழியில் மதிப்பிடுவார்கள் என்று தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். தமிழ் வாசிப்பையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். உளவியலாளர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றவரா, அறிக்கையில் பதிவு எண்ணைக் குறிப்பிடுவாரா என்றும் கேளுங்கள். அப்படிக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

பொள்ளாச்சி அம்மாவுக்கு ஒரு விளக்கம். மதிப்பீடு வேறு, அரசுச் சான்றிதழ் வேறு. மதிப்பீட்டு அறிக்கை உங்கள் கையில் இருக்கும். பெற்றோர் விரும்பாமல் அதை யாருக்கும் நாங்கள் காட்டுவதில்லை. சான்றிதழ் வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்தால்தான் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். தமிழ் வழிக்கு மாற்றுவது சில குழந்தைகளுக்கு உதவும் என்பது உண்மை. ஆனால் எழுத்தையும் ஒலியையும் இணைப்பதில் சிக்கல் உள்ள குழந்தைக்கு அது தமிழிலும் இருக்கும். "கொடி" தமிழ்ச் சொல்தானே? மாற்றுவதற்கு முன் மதிப்பிட்டால், மாற்றம் தேவையா என்பதே தெரிந்துவிடும்.

பதிவு 8 | வாய்க்கால்கரை | வியாழன் இரவு

அனைவருக்கும் நன்றி. பயிற்சிப் புத்தகத்தைச் செவ்வாயன்றே எடுத்து வைத்துவிட்டேன். கண் பரிசோதனை முடிந்தது, குறை ஒன்றுமில்லை. காதும் அப்படியே. பரணிலிருந்து இரண்டாம் வகுப்பு நோட்டுகளை இறக்கினேன். "because" என்ற ஆங்கிலச் சொல்லை ஒரே பக்கத்தில் ஐந்து விதமாக எழுதியிருக்கிறான். ஐந்தின் மேலும் ஆசிரியரின் சிவப்பு மைக் கோடு. இரண்டாண்டுகளுக்கு முன்பே கண்ணில் பட்டிருக்க வேண்டியது.

ஒரு சிறிய ஐயம். அன்னூர் வழியாகப் பேருந்தில் வந்தால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவனுக்குப் பேருந்தில் வாந்தி வரும். மாத்திரை கொடுத்து அழைத்து வரலாமா?

பதிவு 9 | எழுத்தாணி | வியாழன் இரவு

வாந்தி மாத்திரை சில குழந்தைகளுக்குத் தூக்கம் வரவழைக்கும். தூக்கக் கலக்கத்தோடு கவனச் சோதனையில் உட்கார வைக்கக் கூடாது. கோவையில் உறவினர் வீடு இருந்தால் வெள்ளி இரவே போய்த் தங்கிவிடுங்கள். காலையில் அவனுக்குப் பழகிய உணவையே கொடுங்கள். முடித்து வெளியே வந்ததும் என்ன கேட்டார்கள், என்ன சொன்னாய் என்று விசாரிக்காதீர்கள்.

பதிவு 10 | வாய்க்கால்கரை | ஞாயிறு மாலை

முதல் அமர்வு முடிந்தது. வெள்ளி மாலையே கிளம்பிக் கணபதியில் உள்ள என் சித்தி வீட்டில் தங்கினோம். காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டான். மேலே அமராவதிக்கரைத் தம்பி எழுதித் தந்ததை ஏறத்தாழ அப்படியே அவனிடம் சொல்லியிருந்தேன். அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அங்க எழுதச் சொல்லுவாங்களா?" ஆம், கொஞ்சம் எழுதச் சொல்வார்கள் என்றேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சரி என்றான்.

பெற்றோரிடம் பேசும் நேரத்தைப் பற்றித்தான் நான் விரிவாக எழுத விரும்புகிறேன். பிறப்பு, நடை, பேச்சு எல்லாம் நான் எழுதி வைத்திருந்ததால் எளிதாகப் போனது. குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா என்று கேட்டபோது, இல்லை என்று சொல்லத்தான் நான் வாயெடுத்தேன். அதற்குள் என் கணவர், "எனக்கு இருந்துச்சுங்க" என்றார். பத்தாம் வகுப்பில் தமிழ் இரண்டாம் தாளை மூன்று முறை எழுதித் தேறியதை, எங்களுக்குத் திருமணமாகிப் பதினான்கு ஆண்டுகளில் முதல் முறையாக அந்த அறையில்தான் சொன்னார். மஞ்சள் மண்டியில் கணக்கெழுத ஆள் வைத்திருப்பதும், திருமணப் பத்திரிகை வந்தால் என்னைப் படித்துச் சொல்லச் சொல்வதும், கையெழுத்தைத் தவிர வேறு எதையும் என் முன்னால் எழுதாததும் எனக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. மகனைச் சோம்பேறி என்று அவர் சொல்லிவந்தது, அவரைப் பற்றி அவருடைய ஆசிரியர்கள் சொன்ன சொல்லாம். உளவியலாளர் பேனாவை வைத்துவிட்டு அவர் பேசி முடிக்கும் வரை காத்திருந்தார்.

மகன் ஒன்றரை மணி நேரம் உள்ளே இருந்தான். நடுவே ஒரு முறை தண்ணீர் குடிக்க வந்தான். வெளியே வந்ததும் நான் எதையும் கேட்கவில்லை. சத்தி சாலையில் கரும்புச்சாறு குடித்துக்கொண்டிருந்தபோது அவனாகவே, "தப்பாப் படிச்சாக்கூட அந்த அக்கா ஒண்ணுமே சொல்லலைம்மா, எழுதிக்கிட்டே இருந்தாங்க" என்றான். புதன்கிழமை இரண்டாம் அமர்வு. விடுப்பு எடுத்து அவனுடைய அப்பாவும் வருகிறேன் என்கிறார்.

பதிவு 11 | அமராவதிக்கரை | ஞாயிறு இரவு

அக்கா, அண்ணனிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

பதிவு 12 | வாய்க்கால்கரை | மூன்று வாரங்களுக்குப் பிறகு

அறிக்கை வந்துவிட்டது, ஏழு பக்கம். நுண்ணறிவு ஈவு (ஐக்யூ) சராசரிக்கு உள்ளேதான் இருக்கிறது; வாசிப்பும் எழுத்துக்கூட்டலும் முதல் வகுப்பு முடிவு நிலையில் இருக்கின்றன; கணக்கை வாயால் கேட்டால் தன் வகுப்பு நிலையில் செய்கிறான், எழுத்தில் கொடுத்தால் கேள்வியைப் படிப்பதிலேயே நின்றுவிடுகிறான். டிஸ்லெக்சியா என்று எழுதியிருக்கிறார்கள். எனக்குப் புரியாத வரிகளையெல்லாம் அடிக்கோடிட்டுக் கொண்டுபோய், ஒவ்வொன்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் பள்ளிக்கான பரிந்துரைகள் உள்ளன: சத்தமாக வாசிக்கச் சொல்லி வகுப்பின் நடுவே நிறுத்தக் கூடாது, எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்கக் கூடாது, கேள்விகளைப் படித்துக் காட்ட வேண்டும் என்று.

பள்ளியில் அதைக் கொடுத்தபோது, அரசுச் சான்றிதழ் இருந்தால் மட்டுமே எதையும் செய்ய முடியும் என்கிறார்கள். இது சரிதானா? சான்றிதழுக்கு எங்கே போக வேண்டும்?

பதிவு 13 | நொய்யல் | மறுநாள்

பொதுத்தேர்வுச் சலுகைகளுக்குச் சான்றிதழ் வேண்டும். நான்காம் வகுப்பில் கேள்வியைப் படித்துக் காட்டுவதற்குச் சான்றிதழ் தேவையில்லை. 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் கற்றல் குறைபாடு இடம்பெறவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம்தான் அதையும் சேர்த்து 21 வகைகளைப் பட்டியலிட்டது. அந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிறுவனங்கள் குழந்தைகளின் கற்றல் குறைபாட்டை இயன்றவரை விரைவில் கண்டறிந்து உரிய கற்பித்தல் முறைகளை மேற்கொள்ள வேண்டும் என்கிறது. 2018 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, மூன்றாம் வகுப்புக்குள் அல்லது எட்டு வயதுக்குள், எது முந்தியதோ அதற்குள், ஆசிரியர்களே முதற்கட்டமாகக் கண்டறிய வேண்டும். அதற்குத் தலைமையாசிரியர் தலைமையில் பள்ளியில் ஒரு குழு இருக்க வேண்டும். தனியார் பள்ளிக்கும் இது பொருந்தும். பள்ளிக்கு எழுத்து மூலமாகவே கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்குங்கள்.

சான்றிதழுக்கு அரசு மருத்துவமனையின் மருத்துவக் குழுவை அணுக வேண்டும். குழந்தைநல மருத்துவர், உளவியலாளர், சிறப்பாசிரியர் அல்லது செயல்முறைச் சிகிச்சையாளர் ஆகியோர் சேர்ந்து பார்ப்பார்கள். மருத்துவர் நரம்பியல், பார்வை, செவித்திறன் ஆகியவற்றைப் பார்த்து வேறு காரணங்களை விலக்குவார். 2018 வழிகாட்டுதலின்படி, நுண்ணறிவு ஈவு 85க்கு மேல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதன் பிறகு கற்றல் குறைபாட்டுச் சோதனை. உங்கள் தனியார் அறிக்கையைக் கொண்டு செல்லுங்கள், ஆனாலும் சோதனைகளை அவர்கள் மறுபடி செய்யக்கூடும் என்பதை மகனிடம் சொல்லி வையுங்கள். எந்த நாளில் குழு கூடுகிறது என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். மேற்சொன்ன வழிகாட்டுதலின்படி எட்டு வயது முதல் சான்றிதழ் தரலாம். 14 வயதிலும் 18 வயதிலும் மறுமதிப்பீடு உண்டு. 18 வயதில் தருவது வாழ்நாள் முழுவதற்கும் செல்லும். 2024 மார்ச்சில் புதிய வழிகாட்டுதல் வந்திருப்பதால், நடப்பிலுள்ள விதியைக் குழுவிடம் ஒரு முறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

சான்றிதழில் குறைபாட்டின் விழுக்காடு 40க்குக் குறைவாக வந்தால் கலங்க வேண்டாம். எழுதுவதில் இடர்ப்பாடு கொண்ட ஒரு குடிமைப் பணித் தேர்வர் தொடுத்த வழக்கில், 40 விழுக்காடு இல்லை என்பதற்காக சொல்வதை எழுதுபவரின் உதவியை மறுக்கக் கூடாது என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதைத் தொடர்ந்து 2022 ஆகஸ்டில் மத்திய அரசும் அத்தகையோருக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது.

பதிவு 14 | எழுத்தாணி | அன்று இரவு

சான்றிதழ் வரும் வரை பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டாம். ஒரு நாளைக்கு இருபது நிமிடம் போதும். தட்டில் கேழ்வரகு மாவைப் பரப்பி, "க" எழுதி, அதன் ஒலியைச் சொல்லிக்கொண்டே விரலால் கொம்பும் காலும் போடச் சொல்லுங்கள். கொம்புக்கு ஒரு நிறம், காலுக்கு ஒரு நிறம் என்று அட்டையில் வெட்டி, இரண்டையும் ஒன்றாக நகர்த்தி ஒட்ட வைத்தால் "கொ" என்பது ஒரே எழுத்து என்று அவன் கைக்குத் தெரியும். ஒரு வாரத்துக்கு ஓர் எழுத்துக் குடும்பத்துக்கு மேல் போகாதீர்கள். உங்கள் கணவரும் உட்காரட்டும்.

பதிவு 15 | தென்னந்தோப்பு | இரண்டு நாள் கழித்து

இழை முழுவதையும் என் தம்பிக்கும் அவன் மனைவிக்கும் படித்துக் காட்டினேன். பாப்பாவுக்கு எட்டு வயது நிரம்ப இன்னும் நான்கு மாதம் இருக்கிறது, மூன்றாம் வகுப்பு. அதுவரை காத்திருக்க வேண்டுமா?

பதிவு 16 | எழுத்தாணி | அன்று மாலை

எட்டு வயது என்பது சான்றிதழுக்கு மட்டும்தான் அம்மா. மதிப்பீட்டுக்கும் பயிற்சிக்கும் காத்திருக்கத் தேவையில்லை. கண்ணையும் காதையும் இந்த வாரமே பார்த்துவிடுங்கள். வகுப்பாசிரியரிடம் பேசி, எதில் தடுமாறுகிறாள் என்று எழுதி வாங்குங்கள். முதல் வகுப்பிலிருந்து உள்ள நோட்டுகள் வீட்டில் கிடந்தால், அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, ஒரு பையில் போட்டு எடுத்து வையுங்கள்.